லத்தீன் வகுப்புக்கு இலக்கு வைப்பது: இலக்கணமா, உரையா, பேச்சா?

லத்தீன் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் புத்தகத்தை எடுப்பது?" என்பதைத்தான். நியாயமான கேள்விதான், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது. வருடக் கடைசியில் மாணவர் கையில் எதைக் கொடுத்து, என்ன செய்யச் சொல்லப் போகிறீர்கள்? அது முடிவாகாமல் புத்தகம் வாங்கினால், புத்தகம் போகிற வழியில்தான் வகுப்பும் போகும்.

இலக்கை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் பாடத்தை அமைக்கும் முறையை 1998இல் கல்வியாளர்களான கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் விரிவாக வகுத்து எழுதினார்கள். மாணவர் எங்கே போய்ச் சேர வேண்டும், சேர்ந்துவிட்டார் என்பதற்கு எது சான்று, அதற்கு என்னென்ன பாடம் நடத்த வேண்டும் என்ற வரிசையில் யோசிக்கச் சொன்னார்கள். எந்தப் பாடத்துக்கும் பொருந்துகிற யோசனை இது. ஆனால் லத்தீனுக்குக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. பேச்சில் இருக்கும் மொழியைக் கற்பவருக்கு இலக்கை வாழ்க்கையே கொடுத்துவிடும்: வழி கேட்க வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டாரிடம் பேச வேண்டும். லத்தீன் கற்பவருக்கு இப்படி எதுவும் தானாக வருவதில்லை. நாம் ஒன்றை வைக்காவிட்டால், பாடப்புத்தகத்தின் பொருளடக்கமே இலக்காகிவிடும்.

நம் முன்னால் இருக்கிற வழிகள் முக்கியமாக மூன்று. இலக்கணப் பகுதிகளை முடிப்பதை இலக்காக வைக்கலாம். ஒரு குறிப்பிட்ட உரையை வாசிப்பதை வைக்கலாம். லத்தீனில் பேசவும் எழுதவும் செய்வதை வைக்கலாம். பொத்தாம்பொதுவாகப் பேசினால் மூன்றுமே நல்லதாகத் தெரியும். அதனால் ஒரே உரையை மூன்று வழிகளிலும் கொடுத்துப் பார்க்கிறேன்.

உரை, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் பைத்ருஸ் எழுதிய ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதை. 15 வரி, சுமார் 90 சொல். தொடக்கம் இப்படி: "அத் ரீவும் எயுந்தெம் லுபுஸ் எத் அக்னுஸ் வேனெரந்த், சிதீ கொம்புல்ஸீ." ஓநாயும் ஆட்டுக்குட்டியும் தாகத்தால் உந்தப்பட்டு ஒரே ஓடைக்கு வந்திருந்தன. ஓநாய் மேலே நிற்கிறது, குட்டி வெகு தூரம் கீழே. ஏன் என் தண்ணீரைக் கலக்கினாய் என்று ஓநாய் வம்புக்கு இழுக்கிறது. தண்ணீர் உன்னிடமிருந்துதானே என் பக்கம் ஓடி வருகிறது என்கிறது குட்டி. ஆறு மாதம் முன்பு என்னைத் திட்டினாயே என்று ஓநாய் அடுத்த குற்றச்சாட்டுக்குத் தாவ, அப்போது நான் பிறக்கவே இல்லையே என்கிறது குட்டி. அப்படியானால் திட்டியது உன் அப்பன் என்று சொல்லி அடித்துத் தின்கிறது ஓநாய்.

இலக்கணத்தை இலக்காக வைத்தால்

பெரும்பாலான வகுப்புகள் நடப்பது இந்த வழியில்தான். ஐந்து வகைப் பெயர்த் திரிபு (பெயர்ச்சொல்லின் முடிவு மாறும் விதம்), நான்கு வகை வினைத் திரிபு, காலங்கள், அப்புறம் வாக்கிய அமைப்புகள். 1956இல் வெளிவந்து இன்றும் புழக்கத்தில் இருக்கும் வீலாக்கின் பாடநூல் இதற்கு நல்ல உதாரணம். மொத்தம் 40 பாடங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு இலக்கணப் பகுதிகள். அவற்றைப் படித்துவிட்டு அதற்கேற்ற வாக்கியங்களை மொழிபெயர்க்க வேண்டும்.

நம் கதையின் முதல் இரண்டு வரிகளை அந்த வரிசையில் தேடிப் பாருங்கள். "எயுந்தெம்" என்பதற்கான சுட்டுப்பெயர் 11ஆம் பாடத்தில். "வேனெரந்த்" என்ற இறந்தகாலத்துக்கு முந்திய காலம் 12இல். "சிதீ", தாகத்தால் என்று கருவிப் பொருள் தரும் வேற்றுமை, 14இல். "கொம்புல்ஸீ" போன்ற எச்சங்கள் 23இல். மேலே, கீழே என்பதைச் சொல்லும் ஒப்பீட்டு உரிச்சொற்கள் 26இல். ஆக, குழந்தைகளுக்குச் சொல்லும் கதையின் முதல் இரண்டு வரிக்கு மாணவர் பாடநூலில் பாதிக்கு மேல் கடக்க வேண்டும்.

இது புத்தகத்தின் குறை இல்லை. இலக்கணத்தை ஒழுங்காக அடுக்கினால் வரிசை இப்படித்தான் வரும். இந்த வழிக்கு உண்மையான பலங்களும் உண்டு. ஒரு வருடம் விடாமல் படித்தவர் எந்த ஆசிரியரின் உரையையும் அகராதியோடு திறக்கலாம். வெளித்தேர்வு இலக்கணம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. திட்டமிடுவதும் எளிது. தமிழ் தாய்மொழியானவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: வேற்றுமை உருபு என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. சொல்லின் முடிவு மாறினால் பொருள் மாறும் என்பதையும், வினை கடைசியில் வந்து உட்காரும் என்பதையும் தனியாக விளக்கத் தேவையில்லை. லத்தீனின் அப்லேட்டிவ் என்ற ஒரே வேற்றுமை நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைச் சேர்த்துப் பார்க்கிறது என்று சொன்னால் போதும், வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் வருவது சான்றில். "மாணவர் மூன்றாம் பெயர்த் திரிபை அறிவார்" என்று இலக்கு எழுதினால், அதற்குக் கிடைக்கும் சான்று நிரப்பிய வாய்பாட்டு அட்டவணைதான். அட்டவணையை மளமளவென்று நிரப்புகிற மாணவரிடம் இந்தக் கதையைக் கொடுத்து, மேலே நிற்பது யார் என்று கேட்டால் திணறலாம். திணறுவது அவருடைய தவறும் இல்லை. நாம் கேட்டது அட்டவணையை, அவர் கொடுத்ததும் அதைத்தான்.

உரையை இலக்காக வைத்தால்

நான் சாய்வது இந்தப் பக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஓட்டைகளையும் சேர்த்து.

இங்கே இலக்கு இப்படி இருக்கும்: "ஆறாவது வார முடிவில் மாணவர் இந்தக் கதையை லத்தீனில் வாசித்து, ஆட்டுக்குட்டியின் பதில் ஓநாயின் குற்றச்சாட்டை எப்படி உடைக்கிறது என்பதை, உரையிலுள்ள சொற்களைச் சுட்டிக் காட்டிச் சொல்வார்." கடைசிப் பகுதிதான் முக்கியம். "தண்ணீர் யாரிடமிருந்து யார் பக்கம் ஓடுகிறது? எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், மாணவர் "ஆ தே" (உன்னிடமிருந்து) என்பதையும் "அத் மெயோஸ் ஹவ்ஸ்தூஸ்" (நான் குடிக்கும் பக்கம்) என்பதையும் தொட்டுக் காட்ட வேண்டும். ஒன்று நீங்கல், மற்றது சேரும் திசை. நீங்கலுக்கு வரும் அப்லேட்டிவும், திசைக்கு வரும் அக்யூசடிவ் என்ற வேற்றுமையும் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இலக்கணம் எங்கேயும் போய்விடவில்லை, ஒரு வழக்கைத் தீர்க்கும் ஆதாரமாக உள்ளே வந்துவிட்டது.

அடுத்து, எதை எவ்வளவு ஆழமாகக் கற்பிப்பது என்று பிரிக்க வேண்டும். திட்டமிடுகிறவரின் உண்மையான வேலை இதுதான். "ஆ", "அத்" ஆகியவற்றோடு வரும் வேற்றுமைகளை மாணவர் தானே பயன்படுத்தும் அளவுக்குப் பழக வேண்டும். "வேனெரந்த்" போன்ற வடிவத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டால் போதும், ஆறு வடிவங்களையும் ஒப்பிக்கத் தேவையில்லை. கடைசி வரிகளில் வரும் சில சொற்களுக்கு ஓரத்தில் பொருள் எழுதிவிட்டு நகரலாம். பயன்படுத்த, அடையாளம் காண, ஓரக்குறிப்பு என்று மூன்று நிறத்தில் உரையைக் கோடிட்டால் ஆறு வாரத் திட்டம் பாதி முடிந்த மாதிரி.

சொற்களின் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். யார் உதவியும் இல்லாமல் ஓர் உரையைப் புரிந்து வாசிக்க அதன் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று, ஆங்கிலக் கதையை வைத்து ஹூ, நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நம் 90 சொல் கதைக்கு அந்தக் கணக்கைப் போட்டால், தெரியாத சொல் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. டிக்கின்சன் கல்லூரி தொகுத்திருக்கும் அடிப்படை லத்தீன் சொற்பட்டியலில் சுமார் 1,000 சொற்கள் இருக்கின்றன. அத்தனையும் தெரிந்தாலும் ஒரு சராசரி உரையில் 70 சதவீதம்தான் பிடிபடும், பத்துக்கு மூன்று சொல் இருட்டு. ஆகவே மூல உரையை முதல் நாளே நீட்டக் கூடாது. படிப்படியாக ஏற்ற வேண்டும்.

முதல் படி நாமே எழுதியது: "லுபுஸ் அத் ரீவும் வேனித். அக்னுஸ் க்வோக்வே அத் ரீவும் வேனித். லுபுஸ் ஸுபெரியொர் ஸ்தாபத்." ஓநாய் ஓடைக்கு வந்தது, ஆட்டுக்குட்டியும் ஓடைக்கு வந்தது, ஓநாய் மேலே நின்றது. இரண்டாவது படியில் "சிதீ கொம்புல்ஸீ"யையும் உரையாடலையும் சேர்க்கலாம். மூன்றாவது படி மூலம். மாணவர் பைத்ருஸின் வரிகளுக்கு வரும்போது கதையும் தெரியும், பெரும்பாலான சொற்களும் தெரியும், கவிஞர் சொற்களை எப்படி இடம் மாற்றி வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்க மனதில் இடமும் இருக்கும். படிகளைத் தயாரிக்க ஆசிரியருக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. இந்த வழியின் பெரிய செலவு அதுதான்.

உரை மாறினால் இலக்கண வரிசையே மாறும் என்பது இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். தாவரவியல் மாணவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய தாவரத்தை லத்தீனில்தான் விவரிக்க வேண்டும் என்ற விதி 2012 ஜனவரி 1 முதல் இல்லை, ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆனால் 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட நூல் தொடங்கி, பழைய விவரிப்புகள் ஏராளமாக லத்தீனில் கிடக்கின்றன. அவற்றில் "ஃபொலியீஸ் ஓவாதீஸ்", அதாவது முட்டை வடிவ இலைகளுடன், என்பது போன்ற தொடர்கள்தான் வரிசையாக வரும். வினைச்சொல் அபூர்வம். இவருக்கு முதல் வாரத்திலேயே அப்லேட்டிவ் பன்மையும், பெயரும் அடையும் இயைவதும் வேண்டும். வினைத் திரிபு மாதக்கணக்கில் காத்திருக்கலாம்.

விவிலியத்தை லத்தீனில் வாசிக்க வருகிறவருக்கோ நேர் எதிர். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் முழுக்க "க்ரெயாவித்", "தீக்ஸித்", "வீதித்" என்று படர்க்கை ஒருமை இறந்தகால வினைகள்: படைத்தார், சொன்னார், கண்டார். வழக்கமான புத்தகம் தன்மை ஒருமை நிகழ்காலத்தில் தொடங்கும், இவருக்கு அதை ஓரமாக வைத்துவிட்டு இந்த மூன்று வினைகளில் தொடங்கலாம். பாடகர் குழுவுக்காகக் கற்கிறார் என்றால் உச்சரிப்பும் மாறும். வானம் என்பதை "கைலும்" என்று செவ்வியல் முறையில் பழக்கினால் அவருக்கு வேலைக்கு ஆகாது, திருச்சபை வழக்கில் அது "சேலும்".

ஓட்டைகளுக்கு வருகிறேன். முதலாவது, மனப்பாடம். ஆறு வாரம் ஒரே கதையில் உழன்ற மாணவருக்கு அதன் மொழிபெயர்ப்பு நெட்டுருவாகிவிடும். தேர்வில் அதே கதையைக் கொடுத்தால் நீங்கள் சோதிப்பது நினைவை. எனவே சான்றுக்கு வேறு உரை வேண்டும், கற்ற உரைக்கு நெருங்கிய உறவாக. பைத்ருஸிலேயே நரியும் திராட்சையும் கதை இருக்கிறது. தொடக்கம்: "ஃபமே கொஆக்தா வுல்பேஸ்". பசியால் தூண்டப்பட்ட நரி. ஓநாய்க் கதையின் "சிதீ கொம்புல்ஸீ"யை இதோடு ஒட்டிப் பாருங்கள்: இரண்டிலும் காரணத்தைச் சொல்லும் அப்லேட்டிவ், அதை அடுத்து செயப்பாட்டுவினை எச்சம். சொற்கள் வேறு, பால் வேறு, எண் வேறு, அமைப்பு ஒன்று. இதைப் பார்த்ததும் மாணவர் "இது அந்த மாதிரி" என்று சொன்னால் இலக்கு நிறைவேறிவிட்டது. அகராதி கொடுத்தும் "பசி, நரி, தூண்டுதல்" என்று உதிரியாக நின்றால் நிறைவேறவில்லை. இவ்வளவு கூர்மையான சான்று அட்டவணையில் கிடைக்காது.

இரண்டாவது ஓட்டை, இடைவெளிகள். உரையில் வராத இலக்கணம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஒரு வருடத்தில் எடுக்கப்போகும் நான்கைந்து உரைகளை முன்கூட்டியே முடிவு செய்து, எது எங்கே வருகிறது என்று ஒரு தாளில் குறித்துவைத்தால் இதைச் சமாளிக்கலாம். கண்டிப்பாக வேண்டிய ஒன்று எந்த உரையிலும் வரவில்லையென்றால் உரையை மாற்றுங்கள்.

தானே உரை தேட நேரமில்லாதவர்களுக்கு 1970இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் பாடநூல் வரிசை இந்த வழிக்குப் பக்கமாக வரும். பழைய ரோமானிய நகரமான பொம்பேயில் வாழும் கைகிலியுஸ் குடும்பத்தின் கதைதான் முதல் நூல், வெசூவியஸ் எரிமலை வெடிப்போடு முடியும். கதை முன்னால், இலக்கணம் பின்னால்.

பேச்சை இலக்காக வைத்தால்

லத்தீனை லத்தீனிலேயே பேசிக் கற்பிப்பது புதிய மோஸ்தர் இல்லை. கேம்பிரிட்ஜில் பெர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராக 1902 முதல் 1928 வரை இருந்த டபிள்யூ. எச். டி. ரவுஸ் அப்படித்தான் நடத்தினார். இன்று இந்த வழியை விரும்புகிறவர்கள் பலரும் ஹான்ஸ் ஓர்பெர்க்கின் நூலை எடுக்கிறார்கள். "ரோமா இன் இதாலியா எஸ்த்" (ரோம் இத்தாலியில் இருக்கிறது) என்று தொடங்கி 35 அத்தியாயங்களும் லத்தீனிலேயே ஓடும், வேறு மொழி விளக்கமே கிடையாது.

இங்கே இலக்குகள் "நான் என் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்ல முடியும்" என்ற மாதிரி இருக்கும். மாணவருக்கு உடனே ஒரு வெற்றி கிடைக்கிறது, வகுப்பில் உயிர் வருகிறது, வடிவங்கள் காதில் பதிகின்றன. இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனாலும் முதன்மை இலக்காக இதை வைக்க நான் தயங்குகிறேன். ஒன்று, ஆசிரியரின் சரளம். யோசித்து யோசித்துப் பேசும் ஆசிரியரால் மாணவருக்குப் போதிய மொழியை ஊட்ட முடியாது, பிழையும் அப்படியே தொற்றும். இரண்டு, சென்றுசேரும் இடம். பெரும்பாலானோர் லத்தீனுக்கு வருவது எழுதி வைத்திருப்பதை வாசிக்க. குடும்பத்தைப் பற்றிப் பேசத் தெரிந்ததனாலேயே சீசரின் நீண்ட வாக்கியம் அவிழ்ந்துவிடாது.

அமெரிக்காவில் 1997இல் வெளியான செவ்வியல் மொழிக் கற்றலுக்கான தரவரையறை இதை அழகாகப் பிரித்துவைத்தது. வாசித்துப் புரிந்துகொள்வதை இலக்காகவும், பேசுவது, கேட்பது, எழுதுவது மூன்றையும் கற்கும் வழியின் பகுதியாகவும் அது வைத்தது. எனக்கு அந்தப் பிரிப்பு சரியாகப் படுகிறது. ஓநாய்க் கதையிலேயே ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் இப்படிப் போகலாம்: "க்விஸ் ஸுபெரியொர் ஸ்தத்?" "லுபுஸ்." "உபி எஸ்த் அக்னுஸ்?" "இன்ஃபெரியொர் எஸ்த்." மேலே நிற்பது யார், ஓநாய்; ஆட்டுக்குட்டி எங்கே, கீழே இருக்கிறது. கேள்வியும் பதிலும் உரைக்குள்ளேயே சுற்றுவதால் ஆசிரியருக்குப் பெரிய சரளம் தேவையில்லை, முந்தின இரவு பத்துக் கேள்வி எழுதிவைத்தால் போதும்.

லத்தீன் வேர்ச்சொற்களைக் கற்று மருத்துவ, சட்டச் சொற்களைப் புரிந்துகொள்வதை இலக்காக வைக்கும் வகுப்புகளும் இருக்கின்றன. பயனுள்ள வகுப்புதான். அதை லத்தீன் வகுப்பு என்று அழைக்காமல் சொல்லாக்க வகுப்பு என்று அழைத்தால் யாருக்கும் ஏமாற்றம் இருக்காது.

எப்போது எதை எடுப்பது

வெளித்தேர்வு ஒன்று குறித்த தேதியில் இருக்கிறது, அதன் வினாத்தாள் இலக்கண வடிவங்களைக் கேட்கிறது என்றால் இலக்கண வழியை எடுங்கள், தயங்க வேண்டாம். ஏற்கெனவே கிரேக்கமோ சமஸ்கிருதமோ படித்த பெரியவர்களுக்கும் அது வேகமான வழி, அட்டவணை அவர்களைப் பயமுறுத்தாது. தினமும் வகுப்பு இருக்கிறது, ஆசிரியர் லத்தீனில் தடையில்லாமல் பேசுவார், மாணவர்கள் சிறுவர்கள் என்றால் பேச்சு வழியை மனதார முயலலாம். வாரம் இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே கிடைக்கிற, பல காரணங்களுக்காக வந்த மாணவர்கள் கலந்திருக்கிற, சாதாரண வகுப்புக்கு உரையை இலக்காக வையுங்கள். இலக்கணத்தை அதன் கீழே அடுக்குங்கள், பேச்சை அன்றாடக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் இலக்கை எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். 1962இல் கல்வியாளர் ராபர்ட் மேகர் சொன்ன மூன்று கூறுகள் இன்றும் கைகொடுக்கும்: மாணவர் செய்யும் செயல், எந்த நிலைமையில் செய்கிறார், எவ்வளவு செய்தால் போதும். "புரிந்துகொள்வார்", "பரிச்சயம் பெறுவார்" என்று எழுதினால் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று நமக்கே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "முன்பு பார்க்காத எட்டு வரிக் கதை, ஓரத்தில் பொருள் தரப்பட்ட சொற்கள் உண்டு, 20 நிமிடம், யார் யாருக்கு என்ன செய்தார் என்ற ஐந்து கேள்விகளில் நான்குக்கு, லத்தீன் சொல்லைச் சுட்டிப் பதில் சொல்வார்." படிக்க வறட்சியாக இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை விடைத்தாளைத் திருத்தும்போது, திங்கட்கிழமை எங்கே தொடங்க வேண்டும் என்பதை இது காட்டிவிடும்.

பாதிப் பேர் நரிக் கதையின் முதல் வரியில் தடுக்கினார்கள் என்றால் அடுத்த உரைக்குத் தாவ வேண்டாம். எச்சங்களின் முழு அட்டவணையையும் கரும்பலகையில் போடவும் வேண்டாம். ஒரே அமைப்பில் நான்கைந்து தொடர்களை எழுதி, ஓநாயோடும் நரியோடும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்: "ஈரா கொம்மோதுஸ்", கோபத்தால் தூண்டப்பட்டவன், "மெதூ தெர்ரிதுஸ்", அச்சத்தால் மிரண்டவன். அவர்களே "லுபுஸ் ஈரா கொம்மோதுஸ்" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மறுபடி நரிக் கதையைக் கையில் கொடுக்கலாம். இந்த மறு சுற்றுக்கு ஒரு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, ஆறு வாரத் திட்டத்தில் ஐந்து வாரத்துக்கு மட்டும் பாடம் போடுங்கள்.